மேல்தாடை இம்ப்ளான்ட்டுக்கு சைனஸ் லிஃப்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேல் கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டுச் சில வருடம் கழித்து இம்ப்ளான்ட் வைக்கப் போகிறவர்கள் பலர், "எலும்பு போதாது, சைனஸ் லிஃப்ட் செய்து எலும்புத் தூள் வைக்க வேண்டும்" என்ற பதிலோடு திரும்பி வருகிறார்கள். இம்ப்ளான்ட் என்பது தாடை எலும்பில் ஸ்க்ரூ போல வைக்கும் செயற்கைப் பல்வேர்; சைனஸ் லிஃப்ட் என்பது அந்த எலும்புக்கு மேலே உள்ள காற்றறையின் (சைனஸ்) தரைச் சவ்வைத் தூக்கி, அந்த இடத்தில் எலும்புத் தூள் நிரப்புவது. சம்மதக் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர்கள் கேட்கிற கேள்விகளும், அவற்றுக்கான பதில்களும் இங்கே.

பல்லுக்கும் சைனஸுக்கும் என்ன சம்பந்தம்?

மூக்கின் இரண்டு பக்கமும், கண்குழிக்குக் கீழே, மேல்தாடை எலும்புக்குள் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு காற்றறைகள் இருக்கின்றன. இவைதான் இங்கே சொல்லும் சைனஸ். பெரியவர்களுக்கு ஒவ்வொன்றும் சுமார் 12 முதல் 15 மி.லி. கொள்ளும். இந்த அறையின் தரைக்கு நேர் கீழேதான் மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள். சிலருக்கு வேர் நுனிக்கும் சைனஸுக்கும் நடுவே தாள் கனத்துக்குத்தான் எலும்பு இருக்கும். கடும் சளி பிடித்தால் மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாம் ஒன்றாக வலிப்பது இதனால்தான்.

அறையின் உட்சுவர் முழுக்க ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கிறது. நல்ல நிலையில் அதன் கனம் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, சுரக்கும் சளியை மேல்நோக்கித் தள்ளி, மூக்குப் பக்கச் சுவரின் உச்சியில் உள்ள ஒரு சிறு துளை வழியாக வெளியேற்றுகின்றன. வடிகாலைத் தொட்டியின் அடியில் வைக்காமல் விளிம்புக்குப் பக்கத்தில் வைத்தது போன்ற அமைப்பு இது. இந்தச் சவ்வையும் இந்தத் துளையையும் மனதில் வைத்துக்கொண்டால், டாக்டர் சொல்கிற கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தானாகப் புரியும்.

பல் இருந்தபோது இருந்த எலும்பு எங்கே போயிற்று?

இரண்டு பக்கமும் கரைந்தது. பல் போன பிறகு மெல்லும் அழுத்தம் எலும்புக்குள் போவதில்லை. அதனால் ஈறுப் பக்கத்திலிருந்து எலும்பு வற்றுகிறது. அதே நேரத்தில், வேர்கள் இல்லாமல் போன இடத்தை நோக்கி சைனஸ் அறை கீழே இறங்கி விரிகிறது. ஈறு அழற்சியால் பல் ஆடி விழுந்தவர்களுக்கு எலும்பு முன்பே கரைந்திருக்கும். கழற்றி மாட்டும் பல்செட்டை வருடக்கணக்கில் போட்டவர்களுக்கும் கரைவு அதிகம். இம்ப்ளான்ட் ஸ்க்ரூவின் நீளம் பொதுவாக 8 முதல் 10 மி.மீ.; அங்கே மிச்சம் இருப்பதோ பலருக்கு 3, 4 மி.மீ. மட்டும். போதாக்குறைக்கு, தாடையிலேயே மிகவும் மிருதுவான எலும்பும் இந்த இடத்தில்தான்.

எத்தனை மி.மீ. இருந்தால் எந்த முறை?

பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு இது. மிச்ச எலும்பின் உயரம் 8 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் பெரும்பாலும் லிஃப்ட் தேவைப்படாது. 5 முதல் 8 மி.மீ. வரை என்றால் இம்ப்ளான்ட்டுக்குப் போடும் துளை வழியாகவே சைனஸ் தரையை 2 முதல் 4 மி.மீ. தூக்கலாம், இம்ப்ளான்ட்டும் அன்றே போய்விடும். 5 மி.மீ.க்குக் கீழே போனால் கன்னப் பக்கத்து எலும்புச் சுவரில் ஜன்னல் திறந்து செய்யும் முறை.

ஜன்னல் முறையிலும் 4, 5 மி.மீ. எலும்பு இருந்து, ஸ்க்ரூ ஆடாமல் நிற்குமென்றால் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். அதற்கும் குறைவென்றால் முதலில் எலும்பு, மாதங்கள் கழித்து இம்ப்ளான்ட். இங்கே எங்கள் கருத்தைத் திட்டவட்டமாகவே சொல்கிறோம்: 1, 2 மி.மீ. எலும்பில் "ஒரே சிட்டிங்கில் முடித்துவிடலாம்" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். பிடிப்பில்லாத ஸ்க்ரூ சைனஸ் அறைக்குள் நழுவிப் போவது இப்படிப்பட்ட இடத்தில்தான் நடக்கிறது.

ஓபிஜி எக்ஸ்ரே எடுத்தாயிற்று. அது போதாதா?

போதாது. ஓபிஜி, இரண்டு தாடைகளையும் ஒரே படத்தில் காட்டும் தட்டையான எக்ஸ்ரே. உயரத்தை ஏறக்குறையத்தான் காட்டும். அகலத்தைக் காட்டவே காட்டாது. தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேன் அவசியம். அதில் பார்க்க வேண்டியவை:

மிச்ச எலும்பின் உயரமும் அகலமும். கன்னப் பக்கச் சுவரின் கனம். சைனஸுக்குள் குறுக்குச் சுவர் இருக்கிறதா என்பது. நாலில் ஒருவருக்காவது அது இருக்கும், அந்த இடத்தில்தான் சவ்வு எளிதில் கிழியும். பக்கச் சுவருக்குள் ஓடும் ரத்தக்குழாய் எந்த உயரத்தில், எவ்வளவு பருமனில் இருக்கிறது. சவ்வு தடித்திருக்கிறதா. கடைசியாக, மேலே உள்ள வடிகால் துளை திறந்திருக்கிறதா.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் அடிக்கடி கோட்டை விடுகிறார்கள். பல் மட்டும் தெரிந்தால் போதும் என்று ஸ்கேனின் உயரத்தைக் குறைத்து எடுத்துவிட்டால் வடிகால் துளை படத்திலேயே வராது. ஸ்கேன் சென்டருக்கு எழுதும் சீட்டில் "சைனஸ் துளை தெரியும்படி" என்று ஒரு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

சைனஸ் லிஃப்ட் இல்லாமல் வேறு வழி கிடையாதா?

உண்டு. அதைக் கேட்பது உங்கள் உரிமை. 6 மி.மீ. நீளமுள்ள குட்டை இம்ப்ளான்ட்டுகள் இப்போது நன்றாகவே நிற்கின்றன. மிச்ச எலும்பு 6, 7 மி.மீ. இருப்பவருக்கு அதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்போம். பல் மொத்தமும் இல்லாதவருக்கு, சைனஸின் முன்சுவரை ஒட்டிச் சாய்வாக இம்ப்ளான்ட் வைத்து நிலையான பல்வரிசை கட்டலாம். எலும்பே இல்லாதவருக்குக் கன்ன எலும்பில் ஊன்றும் நீள இம்ப்ளான்ட் உண்டு. அது பெரிய அறுவை சிகிச்சை, அதற்கென்று பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியது. முன்னும் பின்னும் உறுதியான பல் இருந்தால் பிரிட்ஜ் கட்டலாம். கடைசிக் கடைவாய்ப்பல் ஒன்று மட்டும் இல்லை, மெல்லுவதில் குறையும் தெரியவில்லை என்றால் எதுவும் செய்யாமல் விடுவதும் தவறில்லை.

யாருக்குச் செய்யக்கூடாது, யார் காத்திருக்க வேண்டும்?

சளி, சைனஸ் தொற்று இருக்கும்போது செய்யக்கூடாது. முழுதாகக் குணமான பிறகுதான். வருடத்துக்கு நாலைந்து முறை சைனஸ் தொந்தரவு வருகிறவர்கள், ஸ்கேனில் சவ்வு மிகவும் தடித்தோ வடிகால் அடைபட்டோ தெரிகிறவர்கள் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும். சைனஸில் பூஞ்சை உருண்டை இருந்தால் அதை எடுக்காமல் எதையும் தொடக்கூடாது. சவ்வில் குமிழ் போலத் தெரியும் நீர்க்கட்டி சிலருக்கு இருக்கும். சிறியதாக இருந்தால் அது தடையாகாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) 7 சதவீதம் பக்கம் இருப்பது நல்லது. 8-ஐத் தாண்டினால் தள்ளிப்போடுவதே சரி. சர்க்கரை உயர்ந்த உடம்பில் காயமும் ஆறாது, எலும்பும் பிடிக்காது. எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ ஊசியாக ஜோலட்ரோனிக் அமிலம், டெனோசுமாப் போன்றவை எடுத்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஓரிரு ஊசிதானே என்பதால் "மருந்து எதுவும் சாப்பிடவில்லை" என்றே பலரும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தாடைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்களும் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரைக் கேட்டுத்தான் முடிவு.

பீடி, சிகரெட், பொடி, ஹான்ஸ்: குறைந்தது இரண்டு வாரம் முன்பே நிறுத்தி, பிறகு எட்டு வாரமாவது தொடக்கூடாது. முடியாது என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். பணத்தையும் எலும்பையும் சேர்த்து இழப்பதை விட பிரிட்ஜோ பல்செட்டோ மேல்.

இது புதிதாக வந்த சோதனை முறையா?

இல்லை. அமெரிக்காவில் ஹில்ட் டேட்டம் என்ற மருத்துவர் 1970-களின் நடுவில் செய்து காட்டினார். பாய்னும் ஜேம்ஸும் 1980-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். துளை வழியாகத் தட்டித் தூக்கும் முறையை 1994-ல் சம்மர்ஸ் விவரித்தார். சவ்வைக் கிழிக்காமல் எலும்பை மட்டும் வெட்டும் பியெசோ கருவி 2000-க்குப் பிறகு புழக்கத்துக்கு வந்தது.

ஜன்னல் முறையில் அன்று என்னதான் செய்வார்கள்?

பெரும்பாலானவர்களுக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போதும், மயக்கம் தேவையில்லை. காலையில் வழக்கம்போல் சாப்பிட்டுவிட்டு, தினசரி மாத்திரைகளையும் போட்டுக்கொண்டு போகலாம். ஊசி கன்னப் பக்கமும் அண்ணப் பக்கமும் விழும். அண்ணத்தில் போடும் ஊசிதான் அன்றைக்கு அதிகம் உறைக்கும்.

ஈறை எலும்பின் உச்சியில், சற்று அண்ணப் பக்கமாகக் கீறி, முன்பக்கம் ஒரு சாய்வுக் கீறலும் போட்டு, எலும்பு தெரியும்படி மடித்துத் தூக்குகிறார்கள். பிறகு ஜன்னல். அதன் கீழ் ஓரம் சைனஸ் தரைக்குச் சுமார் 3 மி.மீ. மேலேயும், முன் ஓரம் சைனஸின் முன்சுவருக்கு 3 மி.மீ. பின்னேயும் வர வேண்டும். உயரம் 8, 10 மி.மீ., நீளம் எத்தனை இம்ப்ளான்ட் என்பதைப் பொறுத்து. வைரப் பொடி பதித்த உருண்டை பர்ரால் (சுழலும் துளையிடு முனை), விடாமல் சலைன் ஊற்றிக்கொண்டே, எலும்பைச் சுரண்டிச் சுரண்டி மெலிதாக்குவார்கள். வெள்ளை எலும்பு மெல்ல மெல்லச் சாம்பல் கலந்த நீலமாக மாறும். அந்த நீலம் தெரிந்ததும் கை நின்றுவிட வேண்டும். அதற்குப் பின்னால் இருப்பது சவ்வு. இதைக் கைப்பழக்கமாக்கிக்கொள்ளப் பயிற்சி வகுப்புகளில் பச்சை முட்டையின் ஓட்டைச் சுரண்டி, உள்ஜவ்வு கிழியாமல் ஓட்டை மட்டும் எடுக்கச் சொல்வார்கள். சைனஸ் சவ்வும் கிட்டத்தட்ட அந்தப் பதம்தான்.

அடுத்து, வளைந்த மழுங்கல் கருவியால் சவ்வை எலும்பிலிருந்து உரித்துத் தூக்குவது. முதலில் ஜன்னலின் ஓரம் சுற்றிலும், பிறகு தரை, பிறகு முன்சுவர், கடைசியில் மூக்குப் பக்கத்து உட்சுவர். கருவியின் முனை எப்போதும் எலும்பைத் தொட்டுக்கொண்டே நகர வேண்டும். எலும்பை விட்டு விலகிச் சவ்வை நேராகத் தள்ளினால் கிழியும். உட்சுவர் வரை போகாமல் பாதியில் நிறுத்துவது தொடக்கக்காரர்கள் செய்யும் தவறு. எலும்புத் தூளுக்கு ரத்தம் வருவது சுற்றியுள்ள எலும்புச் சுவர்களிலிருந்துதான். ஒரு பக்கச் சுவரைத் தொடாமல் விட்டால் அந்தப் பக்கம் எலும்பு தாமதமாகும்.

சரியாகத் தூக்கிய சவ்வு, நீங்கள் மூச்சு விடும்போது ஏறி இறங்குவது ஜன்னலில் நன்றாகத் தெரியும். அது அசையவில்லை என்றால் எங்கோ கிழிசல் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

பிறகு எலும்புத் தூளைச் சலைனிலோ உங்கள் ரத்தத்திலோ நனைத்து, முதலில் உட்சுவர் ஓரமும் முன்மூலையும் நிரம்பும்படி வைப்பார்கள். இம்ப்ளான்ட் அன்றே வைப்பதானால் இந்த நிலையில் வைத்துவிட்டு, மிச்சத் தூளை வெளிப்பக்கம் நிரப்புவார்கள். அமுக்கி அடைக்கக் கூடாது. துகளுக்கும் துகளுக்கும் நடுவே ரத்தக்குழாய் நுழைய இடம் வேண்டும். ஜன்னலின் மேல் கொலாஜன் என்ற புரதத்தால் செய்த சவ்வு, அதன் மேல் ஈறு, தையல். மொத்தம் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்.

துளை வழியாகத் தூக்கும் முறை எப்படி?

இம்ப்ளான்ட் துளையை சைனஸ் தரைக்கு 1 மி.மீ. கீழே வரை போட்டு நிறுத்திவிட்டு, குழிந்த முனையுள்ள உளி போன்ற கருவியைச் சுத்தியால் மெதுவாகத் தட்டி அந்தக் கடைசி எலும்பைச் சவ்வோடு சேர்த்து மேலே தள்ளுவது பழைய வழி. தலைக்குள் தட்டுவது போலிருக்கும், வலிக்காது. இந்தத் தட்டலால் சிலருக்குக் காதின் சமநிலைப் படிகங்கள் இடம் மாறி, படுக்கையில் திரும்பும்போதெல்லாம் தலை சுற்றும். பயப்பட வேண்டியதில்லை, காது மூக்கு தொண்டை மருத்துவர் தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பி வைத்துச் சரிசெய்துவிடுவார். இப்போது தட்டாமல், பின்னோக்கிச் சுழலும் பர்ராலோ சலைன் அழுத்தத்தாலோ தூக்குகிறவர்கள் அதிகம். இதன் குறை ஒன்றுதான்: சவ்வைக் கண்ணால் பார்க்க முடியாது. கிழிந்தால் தெரிவதும் கடினம், சரிசெய்வதும் கடினம்.

வைப்பது மாட்டு எலும்பா?

பெரும்பாலும் ஆமாம். இதைக் கேட்க யாரும் கூச்சப்படத் தேவையில்லை. கேட்காவிட்டாலும் டாக்டரே முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும்.

அதிகம் பயன்படுவது மாட்டு எலும்பிலிருந்து புரதமெல்லாம் நீக்கிய கனிமத் துகள். பயோ-ஆஸ் அந்த வகையில் அதிகம் ஆராயப்பட்டது. இது மிக மெதுவாகக் கரையும். வருடங்கள் கழித்தும் புது எலும்புக்கு நடுவே துகள்கள் இருக்கும். சைனஸில் அது நன்மையே, உயரம் சீக்கிரம் குறையாது. மேலே மூடும் கொலாஜன் சவ்வும் விலங்கிலிருந்து வருவதுதான். பயோ-கைடு என்ற சவ்வு பன்றியின் கொலாஜன். மாட்டு கொலாஜனில் செய்தவையும் மீன் கொலாஜனில் செய்தவையும் கிடைக்கின்றன.

மத நம்பிக்கையாலோ மனம் ஒப்பாததாலோ இவை வேண்டாம் என்றால் வழி இருக்கிறது. பீட்டா ட்ரை கால்சியம் பாஸ்பேட், ஹைட்ராக்ஸி அபடைட் ஆகியவை முழுக்க ஆய்வகத்தில் செய்தவை. பீட்டா வகை சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால் இரண்டும் கலந்த துகளே சைனஸுக்கு ஏற்றது. கொலாஜன் சவ்வுக்குப் பதில் உங்கள் ரத்தத்திலிருந்தே சவ்வு செய்யலாம். கையில் 10 மி.லி. குழாய்கள் சிலவற்றில் ரத்தம் எடுத்து, உறைதல் தடுப்பு மருந்து எதுவும் சேர்க்காமல், உடனே சுழற்று இயந்திரத்தில் நிமிடத்துக்கு 2700 சுற்று வேகத்தில் 12 நிமிடம் சுற்றினால் நடுவில் மஞ்சள் நிறக் கட்டி ஒன்று திரளும். அதை மெதுவாக அழுத்தினால் சவ்வு. பிஆர்எஃப் என்று சொல்வது இதைத்தான். ஒரே எச்சரிக்கை: ரத்தம் எடுத்து ஓரிரு நிமிடத்துக்குள் இயந்திரத்தில் வைக்காவிட்டால் கட்டி சரியாகத் திரளாது.

சொந்த எலும்புதான் உயிருள்ள எலும்பு, சந்தேகமில்லை. ஆனால் அதற்காக முகவாயிலோ கீழ்த்தாடையின் பின்புறமோ இன்னொரு காயம் வேண்டும். ஜன்னல் திறக்கும்போது சுரண்டிய துகளைச் சேமித்து மற்றதோடு கலப்பது நல்ல நடுவழி. மனித எலும்பு வங்கியிலிருந்து பதப்படுத்தி வருவதும் உண்டு.

எவ்வளவு தூள் ஆகும்?

ஜன்னல் முறையில் ஒரு இம்ப்ளான்ட்டுக்கு 1 முதல் 1.5 சி.சி., இரண்டு மூன்றுக்கு 2 முதல் 3 சி.சி. என்று வைத்துக்கொள்ளலாம்; அகலமான சைனஸ் இன்னும் கொள்ளும். பயோ-ஆஸ் சிறு துகள் 0.5 கிராம் புட்டி ஏறக்குறைய 1 சி.சி. அதிகம் நிரப்பினால் நல்லது என்று நினைக்க வேண்டாம். அறையை மேலே வரை அடைத்தால் வடிகால் துளையே மூடிப்போகும்.

சவ்வு கிழிந்துவிட்டால்?

இந்தச் சிகிச்சையில் அதிகம் நடக்கும் சிக்கல் இதுதான். ஐந்தில் ஒன்றில் நடக்கிறது. கைதேர்ந்தவர்களுக்கும் நடக்கும். ஆகவே கிழிந்தது என்று சொன்னதுமே டாக்டர் தவறு செய்தார் என்று முடிவு கட்ட வேண்டாம். கிழிந்த பிறகு அவர் என்ன செய்தார் என்பதே கேள்வி.

5 மி.மீ.க்குக் குறைவான கிழிசல், சுற்றிலும் சவ்வை இன்னும் தளர்த்தித் தூக்கினால் தானாக மடிந்து மூடிக்கொள்ளும். மேலே ஒரு கொலாஜன் துண்டு வைத்தால் போதும். 5 முதல் 10 மி.மீ. வரை என்றால் பெரிய கொலாஜன் சவ்வை அறையின் கூரை போல விரித்து, அதற்குள் தூளை வைக்க வேண்டும். அதைவிடப் பெரிய கிழிசலென்றால் தூள் வைக்காமல் மூடிவிட்டு, மூன்று நாலு மாதம் கழித்து மறுபடி திறப்பதே உத்தமம். அப்படி மூடிவிட்டு வந்து உண்மையைச் சொல்கிற மருத்துவரை நம்புங்கள். கிழிசல் வழியாகத் துகள் சைனஸுக்குள் சிந்தினால் அது வடிகாலை அடைத்து, தொற்றாகி, மாதக்கணக்கில் அலைய வைக்கும்.

வேறு என்னவெல்லாம் தவறலாம்?

பக்கச் சுவரில் ஓடும் ரத்தக்குழாய் வெட்டுப்பட்டால் ரத்தம் பீய்ச்சும். ஆபத்தில்லை என்றாலும் பார்வையை மறைத்துவிடும். அழுத்திப் பிடிப்பது, எலும்பு மெழுகு, சூடு வைப்பது என்று நிறுத்தலாம். ஸ்கேனில் குழாயை முன்பே பார்த்து ஜன்னலைத் தள்ளிப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

தொற்று பெரும்பாலும் முதல் நாலு வாரத்தில் தலைகாட்டும். மருந்துக்கு அடங்காவிட்டால் தூளை எடுத்துவிட வேண்டியதுதான். அரைகுறையாக விட்டுவைத்து ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுப்பது பலன் தராது.

வீட்டுக்கு வந்த பிறகு எதையெல்லாம் செய்யக்கூடாது?

சைனஸுக்குள் அழுத்தம் ஏறக்கூடாது, வாய்க்குள் உறிஞ்சும் அழுத்தமும் கூடாது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதை நீங்களே ஊகித்துவிடலாம்.

மூன்று நாலு வாரத்துக்கு மூக்கைச் சிந்தாதீர்கள். சளி வந்தால் துடைத்துக்கொள்ளுங்கள் அல்லது உள்ளே இழுத்துத் துப்பாமல் விழுங்கிவிடுங்கள். தும்மல் வந்தால் அடக்காமல், மூக்கைப் பொத்தாமல், வாயை அகலத் திறந்து தும்முங்கள். ஒரே ஒரு அடக்கிய தும்மல் போதும், சவ்வு பிரிந்துவிடும். இளநீரையும் ஜூஸையும் ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டாம், தம்ளரில் ஊற்றிக் குடியுங்கள். பலூன் ஊதுவது, சங்கு ஊதுவது கூடாது. நாகஸ்வரம், புல்லாங்குழல் வாசிக்கிறவர்கள் கச்சேரிக்கு முன்பணம் வாங்குவதற்கு முன்பே டாக்டரிடம் தேதி கேட்டுக்கொள்ள வேண்டும். குறைந்தது ஆறு வாரம். யோகாசனம் செய்கிறவர்கள் கபாலபாதி, பஸ்திரிகா, மூக்கில் நீர் விட்டுக் கழுவும் நேத்தி, தலைகீழ் ஆசனங்கள் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். எண்ணெய் கொப்பளிப்பதும் வேண்டாம். வெற்றிலை போடுகிறவர்கள் அந்த ஒரு மாதம் விட்டுத்தான் ஆக வேண்டும்.

விமானப் பயணம் இரண்டு வாரத்துக்கு வேண்டாம். வெளிநாட்டிலிருந்து பத்து நாள் விடுப்பில் வந்து, கடைசி வாரத்தில் இதைச் செய்துகொண்டு விமானம் ஏறுவது நல்ல திட்டமல்ல. வந்த முதல் வாரமே செய்து, தையலும் பிரித்துவிட்டுக் கிளம்பும்படி மூன்று வாரமாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். நீச்சல் குளத்தில் முங்குவது ஆறு வாரம் கழித்து. குனிந்து பாரம் தூக்குவது, தண்ணீர்க் குடம் சுமப்பது இரண்டு வாரம் கூடாது.

முதல் இரண்டு நாள் இரண்டு தலையணை வைத்து உயர்த்திப் படுங்கள். ஐஸை துணியில் சுற்றி 20 நிமிடம் வைப்பது, 20 நிமிடம் எடுப்பது. சாப்பாடு ஆறிய ரசம் சாதம், இட்லி, தயிர் சாதம், கேழ்வரகுக் கஞ்சி, மெல்லுவது மறுபக்கம். மிக்சர், முறுக்கு வேண்டாம், தூள்கள் தையலில் போய் உட்காரும். இரண்டாம் நாளிலிருந்து குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷை வாயில் வைத்து, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படவிட்டு, துப்பாமல் தானாக வழியவிடுங்கள். மூக்கடைப்புச் சொட்டு மருந்து கொடுத்திருந்தால் ஐந்து நாளுக்கு மேல் போட வேண்டாம். அதற்கு மேல் போட்டால் அதுவே மூக்கடைப்பை உண்டாக்கும். ஆன்டிபயாட்டிக்கை எழுதிய நாள் வரை முடியுங்கள்.

வலி எவ்வளவு இருக்கும்?

வீக்கத்தோடு ஒப்பிட்டால் வலி குறைவு. மூன்றாம் நாள் கன்னம் நன்றாக வீங்கும், கண்ணுக்குக் கீழே கன்றிப்போகும், ஒரு வாரத்தில் வடியும்.

எது சாதாரணம், எதற்கு ஓட வேண்டும்?

முதல் இரண்டு நாள் அந்தப் பக்க மூக்கில் லேசாக ரத்தம் கசிவது, வாயில் ஒன்றிரண்டு மணல் போன்ற துகள் தென்படுவது சாதாரணம். தையல் பத்து முதல் பதினாலு நாளில் பிரிப்பார்கள்.

தண்ணீர் குடிக்கும்போது மூக்கு வழியாக வருவது, ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றச் சளி, நாலாம் நாளுக்குப் பிறகு குறையாமல் கூடும் வீக்கம், காய்ச்சல், தையல் விட்டுத் துகள் கொட்டுவது, நிற்காத ரத்தம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே போக வேண்டும். கண் வீங்கினாலோ பார்வை மங்கினாலோ பல் மருத்துவமனைக்கு அல்ல, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பல் எப்போது கட்டுவார்கள்?

துளை வழி முறையில் சுமார் நாலு முதல் ஆறு மாதம். ஜன்னல் முறையில் இம்ப்ளான்ட்டும் சேர்த்து வைத்திருந்தால் ஆறு மாதம் அல்லது சற்றுக் கூட. எலும்பு மட்டும் வைத்திருந்தால் ஆறு முதல் ஒன்பது மாதம் காத்திருந்து இம்ப்ளான்ட், அதற்குப் பிறகு இன்னும் மூன்று முதல் ஆறு மாதம் கழித்து கேப். ஆக ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். புது எலும்பு சுவர் ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி வளர்கிறது. அதனால் அகலமான சைனஸ்காரர்களுக்கு நடுப்பகுதி கெட்டிப்பட நாளாகும். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஐந்து மாதத்தில் முடிந்தது என்பதை வைத்து அவசரப்படுத்தாதீர்கள்.

எவ்வளவு காலம் நிற்கும்?

சொரசொரப்பான மேற்பரப்புள்ள இன்றைய இம்ப்ளான்ட்டுகள், சைனஸில் வைத்த எலும்பிலும் சொந்த எலும்பில் நிற்பதற்குக் கிட்டத்தட்ட இணையாக நிற்கின்றன. வைத்த எலும்பின் உயரம் முதல் ஓரிரு வருடத்தில் கொஞ்சம் குறைந்து பிறகு நிலைக்கும். பழுதாகிறவை பலவும் எலும்பால் அல்ல, ஈறைச் சுத்தமாக வைக்காததால்தான். கேப்புக்கும் ஈறுக்கும் நடுவே பல்லிடுக்கு பிரஷ் தினமும் போக வேண்டும்.

பணம் கட்டுவதற்கு முன் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

தூளின் பெயர், எதிலிருந்து செய்தது, எத்தனை கிராம், சவ்வு தனியா, ஸ்கேன் தனியா, இம்ப்ளான்ட் இதில் சேர்த்தியா, கிழிந்து பாதியில் மூட நேர்ந்தால் எவ்வளவு கட்ட வேண்டும். இவ்வளவையும் எழுத்தில் கேளுங்கள். தூள் புட்டி, கொலாஜன் சவ்வு, இம்ப்ளான்ட் மூன்றின் பெட்டியிலும் தொகுதி எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும். அவற்றை உங்கள் கோப்பில் ஒட்டித் தரச் சொல்லுங்கள், ஸ்கேனையும் சிடியிலோ பென்டிரைவிலோ வாங்கி வையுங்கள். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் அந்த ஸ்க்ரூவின் மேல்பாகம் தளர்ந்தால், எந்தக் கம்பெனி, எந்த அளவு என்று தெரியாமல் எந்த டாக்டராலும் திருகு சாவியைப் போட முடியாது.